பையனுக்குக் கழுத்து கறுக்கிறது, மாடி ஏறினால் இரைக்கிறது: எடையைக் குறைப்பதா, உடம்பைப் பழக்குவதா?

வில்லாபுரம் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. பள்ளியில் உடல் பரிசோதனை நடத்தி ஒரு சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். உயரம் 148 செ.மீ., எடை 62 கிலோ, "உடல் பருமன், மருத்துவரைப் பார்க்கவும்" என்று எழுதியிருந்தது.

கழுத்தின் பின்பக்கமும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. அழுக்குதான் என்று அவன் பாட்டி தினமும் பயத்தம்மாவும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்க்கிறார். எரிகிறது என்று பிள்ளை கத்துகிறானே தவிர, கறுப்பு போகவில்லை. வீடு இரண்டாவது மாடி. ஏறி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிடுகிறான். கொஞ்ச நாளாக வலது முழங்கால் வலிக்கிறது என்கிறான். ராத்திரி குறட்டை பக்கத்து அறைவரை கேட்கிறது.

"வளர்ற பிள்ளை, கண்ணு வைக்காதே" என்கிறார் மாமியார். "ஜிம்முல சேர்த்துவிடு, ராத்திரி சோத்தை நிப்பாட்டு" என்கிறார் அவன் அப்பா. இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் பையன் தட்டைப் பார்த்துக் குனிந்தபடியே சாப்பிடுகிறான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

சிம்மக்கல் சிவா

பயப்படாதீங்க அக்கா. என் அண்ணன் மகனும் அந்த வயசில் இப்படித்தான் இருந்தான். பத்தாவது வரும்போது விறுவிறுவென்று உயரம் கூடி ஆள் ஒல்லியாகிவிட்டான். இந்த வயசில் சாப்பாட்டில் கை வைத்தால் படிப்பு கெடும்.

குழந்தை மருத்துவர், அண்ணாநகர்

சிவா சொல்வது சில பிள்ளைகளுக்கு நடக்கும்தான். ஆனால் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் அம்மா எழுதியதிலேயே மூன்று இருக்கின்றன. நேரில் காட்டுவதற்கு இது மாற்று இல்லை, எதை முதலில் பார்ப்பது என்பதற்காக மட்டும் எழுதுகிறேன்.

முதலில் முழங்கால். எடை கூடிய, வயதுக்கு வரும் பருவத்துப் பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி, வளர்ச்சித் தட்டு இருக்கும் இடத்தில் நழுவிவிடுவது உண்டு. பழுது இடுப்பில் இருக்கும், வலி முழங்காலில் தெரியும். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால், நழுவல் கூடிக்கொண்டே போகும். பிள்ளை நொண்டினாலோ, அந்தக் கால் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். இடுப்பு எக்ஸ்ரே பார்த்து அது இல்லை என்று தெரியும்வரை ஓடவோ குதிக்கவோ விடாதீர்கள். ஜிம் பேச்சையெல்லாம் அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, அதை ஈடுகட்ட உடம்பு தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின்தான் தோலைத் தடிக்க வைத்துக் கறுக்கச் செய்கிறது. தேய்த்தால் புண்தான் ஆகும். இன்சுலின் இறங்கினால் மெல்ல வெளுக்கும். பாட்டியிடம் இன்றைக்கே சொல்லி நிறுத்துங்கள்.

மூன்றாவது குறட்டை. தூக்கத்தில் இடையிடையே மூச்சு நின்று, திணறி மறுபடி இழுக்கிறானா என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். அப்படி இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். வகுப்பில் தூங்கி வழிவதும், எரிந்து விழுவதும், படிப்பில் பின்தங்குவதும் பல பிள்ளைகளுக்கு இதனால்தான்.

இனி அந்தச் சீட்டுக் கணக்கு. அவனுடைய பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 28ஐத் தாண்டுகிறது. பெரியவர்களுக்கான அளவைப் பிள்ளைகளுக்கு அப்படியே போடக் கூடாது, வயதும் ஆணா பெண்ணா என்பதும் பார்த்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 5 முதல் 18 வயதுவரைக்குமான வரைபடத்தை 2015இல் வெளியிட்டது. நம் ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், பெரியவர்களின் 23 (அதிக எடை), 27 (உடல் பருமன்) என்ற அளவுகளுக்கு நிகரான கோடுகளை அதில் போட்டிருக்கிறார்கள். உங்கள் மகன் மேல் கோட்டையும் தாண்டியிருக்கிறான். வீட்டில் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு அது 74 செ.மீ.

வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1சி. (சில மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, கல்லீரலுக்கு எஸ்.ஜி.பி.டி., அப்புறம் ரத்த அழுத்தம், இவ்வளவும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கும்போது பட்டை கைக்குப் பொருத்தமான அளவில் இருக்கிறதா என்று கவனியுங்கள். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் இல்லாத பிள்ளைக்கும் இருப்பதாகக் காட்டும்.

வில்லாபுரம் அம்மா

டாக்டர், ரொம்ப நன்றி. நாளைக்கே எலும்பு மருத்துவரைப் பார்க்கிறோம். அவன் நொண்டவில்லை, ஆனால் படி இறங்கும்போது கைப்பிடியை விடமாட்டேன் என்கிறான்.

திருமங்கலம் டீச்சர்

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். நான் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளைப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில் தொடங்கியதே இதற்காகத்தானே. உடல் பருமன் என்பது கார் வைத்திருக்கிற வீட்டுப் பிரச்சினை இல்லையா?

குழந்தை மருத்துவர், அண்ணாநகர்

கோபம் எதற்கு டீச்சர், கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே வீட்டில் இருக்கின்றன. 2024இல் லான்செட் இதழில் வந்த உலகளாவிய ஆய்வின்படி, இந்தியாவில் 5 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் உடல் பருமன் உள்ளவர்கள் 1990இல் சுமார் 4 லட்சம் பேர். 2022இல் அது ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம். கார் வைத்திருக்கிற வீடுகளுக்குள் மட்டும் அடங்குகிற எண்ணிக்கை இல்லை இது.

இன்னொன்று. எடை குறைவாகப் பிறந்து, பிறகு வேகமாகச் சதை போட்ட பிள்ளைக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். இந்தியக் குழந்தைகள் பார்க்க ஒல்லியாகப் பிறந்தாலும் உடம்பில் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பதைப் புனே மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். அதனால் நோஞ்சானாக இருந்த பிள்ளையைத் "தேற்றுகிறேன்" என்று பிஸ்கட்டும் மால்ட் பொடியும் கொடுத்துக் கொழுக்க வைப்பதுதான் ஆபத்து. உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பசியும் தீர வேண்டும், அது 5 ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டால் தீரக்கூடாது.

திருமங்கலம் டீச்சர்

சரிதான் சார். இடைவேளையில் வாசலுக்கு ஓடுகிற கூட்டத்தை நானும் பார்க்கிறேனே.

ஆரப்பாளையம் அப்பா

வாசல் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகம் உள்ள தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. என் மகள் படிக்கும் பள்ளியில் கேன்டீனிலேயே குளிர்பானம் விற்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் கேட்டால் "பிள்ளைகள் விரும்புகிறார்கள்" என்று பதில் வருகிறது. 250 மில்லி கோலாவில் சுமார் 26 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஐந்து டீஸ்பூனுக்கு மேல்! வீட்டில் அவ்வளவு சர்க்கரையை அள்ளி டம்ளரில் போட்டுக் கொடுப்போமா?

செல்லூர் கபடி மாஸ்டர்

டாக்டர் சொன்ன எக்ஸ்ரே முடியட்டும், அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதை நான் சொல்கிறேன். உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன், இப்போது சாயங்காலம் பையன்களுக்குக் கபடி சொல்லித்தருகிறேன்.

குண்டுப் பையன் வந்தால் உடனே "மைதானத்தைப் பத்து சுற்று ஓடு" என்பார்கள். அதைவிடக் கெட்ட ஆரம்பம் கிடையாது. அவன்தான் கடைசியாக வருவான், முகம் சிவந்து மூச்சு முட்டும், மற்றவன் சிரிப்பான், மறுநாள் வயிற்றுவலி என்று வீட்டிலேயே நின்றுவிடுவான். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பலம் குறைவு இல்லை. இத்தனை வருஷமாக அந்த எடையைத் தூக்கி நடந்த கால் அது. பிடி வலு, தள்ளுவது, இழுப்பது, குண்டு எறிவது எல்லாவற்றிலும் ஒல்லிப் பையனைவிட முன்னால் நிற்பான். தன் உடம்பையே தூக்க வேண்டிய வேலைகளில், அதாவது ஓட்டம், தாண்டுதல், புல்-அப் மாதிரியானவற்றில்தான் பின்தங்குவான். அதனால் ஜெயிக்கிற இடத்தில் ஆரம்பிக்க வேண்டும். கயிறு இழுக்க விடுங்கள், கனமான பந்தை எறிய விடுங்கள். கபடியில் கார்னரில் நிறுத்தி, ரைடு வருகிறவனின் கணுக்காலை எப்படிப் பிடிப்பது என்று காட்டுங்கள். ஒரு பாயிண்ட் எடுத்துவிட்டான் என்றால் மறுநாள் கூப்பிடாமலே வருவான்.

மூச்சுக்குப் பழக்குவது அதற்கடுத்து. பேசிக்கொண்டே போகலாம், ஆனால் பாட முடியாது, அந்த வேகம் போதும். தெப்பக்குளத்தைச் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும், தரையும் சமம். ஒரு சுற்று நடக்கட்டும். அப்புறம் ஒரு கரை நடை, ஒரு கரை மெதுஓட்டம். முழங்கால் வலிக்கிறவனுக்கு நீச்சலும் சைக்கிளும் நல்லது. தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் மூட்டுக்குப் பாரம் இல்லை.

சித்திரை வைகாசி வெயிலில் ஜாக்கிரதை. பருமனான பிள்ளை சீக்கிரம் சூடேறுவான். காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் ஐந்துக்குமேல். தலைசுற்றல், குமட்டல் என்றால் அத்தோடு நிறுத்தி நிழலில் உட்கார வைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள்.

சிம்மக்கல் சிவா

மாஸ்டர், நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் எடை இறங்காமல் ஓட்டம் மட்டும் கூடி என்ன பிரயோஜனம்? பார்க்கிறவன் குண்டன் என்றுதானே சொல்லப் போகிறான்.

குழந்தை மருத்துவர், அண்ணாநகர்

பிரயோஜனம் உண்டு சிவா. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. முறையாகப் பயிற்சி செய்கிற பிள்ளைக்கு எடை அப்படியே நின்றாலும் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும், கல்லீரல் கொழுப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும். எடைமெஷினில் இது எதுவும் தெரியாது. அதற்காகச் சாப்பாட்டை விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரம் ஓடிவிட்டு ஒரு பாட்டில் குளிர்பானம் குடித்தால் செய்த வேலையில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

வளரும் பிள்ளைக்கு எடை குறைந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இவன் 62 கிலோவிலேயே நின்று உயரம் 160 செ.மீ. ஆனால் பி.எம்.ஐ. 28இலிருந்து 24க்கு வந்துவிடும். அதனால்தான் ராத்திரிச் சோற்றை நிறுத்து, பட்டினி போடு என்பதை நான் ஏற்பதில்லை. பசியோடு படுத்த பிள்ளை, எல்லோரும் தூங்கியபிறகு டப்பாவைத் திறப்பான்.

சொக்கிகுளம் மாணவன்

நான் கல்லூரியில் படிக்கிறேன். பள்ளியில் குண்டுப் பையனாக இருந்தவன் நான்தான், அதனால் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, இப்போதும் எழுத மனம் வரவில்லை. வகுப்பில் வைத்தார்கள், பிறகு சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில்கூட அதே பெயர். பி.டி. பீரியடில் அணி பிரிக்கும்போது கடைசியாக மிச்சம் நிற்கிறவன் நான். அப்புறம் காய்ச்சல், கால்வலி என்று லெட்டர் கொண்டுபோய் மரத்தடியில் உட்கார ஆரம்பித்தேன். உடம்பு அந்த வருஷங்களில்தான் இன்னும் ஏறியது.

என்னை மாற்றியது யாருடைய அறிவுரையும் இல்லை. என் சித்தப்பா சனிக்கிழமை தோறும் சைக்கிளில் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் போவார், என்னையும் கூட்டிப்போனார். எடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திரும்பும்போது பருத்திப்பால் வாங்கித் தருவார், அதையும் அரை டம்ளர்தான் ஊற்றச் சொல்வார். கூட ஒரு ஆள் வந்தாலே பாதிப் பயம் போய்விடும் அக்கா. உங்கள் பையன் முன்னால் அவன் உடம்பைப் பற்றி வீட்டில் யாரும் பேச வேண்டாம், கேலியாகவும் வேண்டாம், அக்கறையாகவும் வேண்டாம்.

வில்லாபுரம் அம்மா

தம்பி, இதை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் போனை வாங்கி மறுபடியும் அவரே படித்தார்.

பழங்காநத்தம் ஜெயா

எல்லோரும் பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகளுக்கு 14 வயது. வயதுக்கு வந்ததோடு தெருவில் விளையாடுவது நின்றுபோனது. பள்ளிவிட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் போன். எடை ஏறிவிட்டது, தீட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, முகத்தில் பரு, தாடையில் முடி. ஸ்கேன் எடுத்து நீர்க்கட்டி என்று சொல்லி மாத்திரை எழுதிவிட்டார்கள். பெண்பிள்ளை எங்கே போய் ஓடுவாள், சொல்லுங்கள்?

குழந்தை மருத்துவர், அண்ணாநகர்

ஜெயா அம்மா, வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் ஸ்கேனில் கருமுட்டைப் பை பெரிதாகவும் பல முட்டைப் பைகளோடும் தெரிவது இயல்பு. அதை மட்டும் வைத்து பி.சி.ஓ.எஸ்., அதாவது நீர்க்கட்டி நோய், என்று முடிவு கட்டக் கூடாது என்பதே இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல். ஆனால் உங்கள் மகளுக்குத் தாடை முடியும் மாதவிலக்குத் தள்ளிப்போவதும் சேர்ந்து இருக்கின்றன, அதனால் ஹார்மோன் பரிசோதனை தேவை. தைராய்டும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். பி.சி.ஓ.எஸ்.ஸுக்கும் சர்க்கரைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு, சர்க்கரைப் பரிசோதனையையும் விடாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

செல்லூர் கபடி மாஸ்டர்

ஜெயாம்மா கேட்டது நம் ஊர் மொத்தத்துக்கும் கேட்ட கேள்வி. ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் காலையில் பெண்பிள்ளைகள் தடகளப் பயிற்சிக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன், நீங்களும் கூடப் போய் நடக்கலாம். தூரம் என்றால் வீட்டு மொட்டைமாடி போதும். கயிறு தாண்டலாம், சிலம்பம் சுற்றலாம், பாட்டுப் போட்டு ஆடலாம். சிலம்பம் கால், இடுப்பு, தோள் எல்லாவற்றையும் வேலை வாங்கும். அதற்கு ஒல்லி உடம்பு வேண்டும் என்பதில்லை. பெண்பிள்ளைகளுக்குத் தனியாக வகுப்பு எடுக்கிற ஆசான்கள் இருக்கிறார்கள், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

கோரிப்பாளையம் ஃபிட்

என் அக்கா பையனுக்குக் கீட்டோ டயட் போட்டு, கூடவே எடை குறைக்கிற டீயும் புரோட்டீன் பவுடரும் கொடுத்தோம், சட்டென்று குறைந்தது. 13 வயதுதான். முயற்சி செய்து பாருங்கள்.

குழந்தை மருத்துவர், அண்ணாநகர்

வேண்டாம். எலும்பும் மூளையும் வளர்கிற வயதில் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும் உணவுமுறையை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் கொடுக்கக் கூடாது. எடை குறைக்கும் டீக்கள் பலவற்றில் பேதி மருந்துதான் இருக்கும், குறைவது நீர். சட்டென்று இறங்கியது சட்டென்று ஏறும். அந்தப் பையனை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

செல்லூர் கபடி மாஸ்டர்

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கபடியில் வயசுப் பிரிவுக்கு எடை வரம்பு உண்டு. எடை பார்க்கிற நாளுக்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிக்காமல் பிள்ளையைக் காயப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். என் களத்தில் அதைச் செய்தால் அடுத்த நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

ஒத்தக்கடை பெரியம்மா

எனக்கு டயட்டெல்லாம் தெரியாது, சமையல் தெரியும். எங்கள் வீட்டில் பேரன் பேத்திகளுக்கு இப்படித்தான் மாற்றினோம். ராத்திரி கடைப் பரோட்டா வாரத்தில் பாதி நாள் வந்துகொண்டிருந்தது, அதை மாதத்துக்கு ஒருமுறை என்று ஆக்கினோம், அதுவும் மூன்றுக்குப் பதில் ஒன்று, கூட இரண்டு அவித்த முட்டையும் வெங்காயமும். சோற்றை நிறுத்தவில்லை. தட்டில் முதலில் பொரியலையும் கூட்டையும் வைத்துவிட்டு அப்புறம் சோறு போடுகிறோம். பள்ளிவிட்டு வருகிற நேரத்துக்கு மொச்சையோ தட்டைப்பயறோ சுண்டலாக வெந்து சூடாக இருக்கும், பசியோடு வருகிறவன் எது முன்னால் இருக்கிறதோ அதைத்தான் தின்பான். பாலில் போடுகிற பொடியை வாங்குவதையே விட்டாச்சு. ஜிகர்தண்டா திருவிழாவுக்கு உண்டு. இதெல்லாம் வீட்டில் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். அவனுக்கு மட்டும் சுண்டலும் நமக்குப் பரோட்டாவும் என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்?

வில்லாபுரம் அம்மா

எல்லோருக்கும் தகவல். இடுப்பு எக்ஸ்ரேயில் நழுவல் இல்லை, கடவுளுக்கு நன்றி. தொடைத் தசை பலவீனம், எடை பாரம் என்றார்கள். எச்.பி.ஏ.1சி. 5.8. எஸ்.ஜி.பி.டி. 68. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது. இடுப்புச் சுற்றளவு 88 செ.மீ. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, பெரிய பட்டை கேட்டுத்தான் பார்த்தோம். பரிசோதனை நிலையத்தில் 68 கொஞ்சம்தான் கூட, பயமில்லை என்றார்கள். அப்படியா டாக்டர்?

குழந்தை மருத்துவர், அண்ணாநகர்

இடுப்பு எலும்பு நழுவாமல் இருப்பது பெரிய ஆறுதல். எச்.பி.ஏ.1சி. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 என்றால் நோய். இவன் தொடக்கத்தில் இருக்கிறான். எஸ்.ஜி.பி.டி.யை அப்படி விட முடியாது. அறிக்கையில் அச்சடித்திருக்கும் 40, 45 என்ற எல்லை பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. பையன்களுக்கு 26, பெண்பிள்ளைகளுக்கு 22 என்பதே குழந்தைக் கல்லீரல் மருத்துவத்தில் பார்க்கிற எல்லை, அந்தக் கணக்கில் இது இரண்டு மடங்குக்கு மேல். வேறு கல்லீரல் நோய் இல்லை என்று உறுதிசெய்ய உங்கள் மருத்துவர் இன்னும் சில பரிசோதனைகள் எழுதலாம், எடுத்துவிடுங்கள். இந்தக் கொழுப்புக்கு முதல் மருந்து இனிப்புப் பானங்களை நிறுத்துவதும் உடம்பு அசைவதும்தான். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள், எச்.பி.ஏ.1சி. ஏறக்குறைய அவ்வளவு காலத்துச் சர்க்கரையைத்தான் காட்டும். தூக்கம் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.

செல்லூர் கபடி மாஸ்டர்

அப்படியென்றால் வேலையைத் தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது தினமும் 60 நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை. எடுத்த எடுப்பில் 60 வேண்டாம். காலையில் 15, சாயங்காலம் 15 போதும், வாரம் போகப் போகக் கூட்டுவோம். தொடைக்கு, நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். முதுகைச் சுவரில் ஒட்டி முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்பதும், சுவரைப் பிடித்துத் தண்டால் எடுப்பதும் போதும். அளப்பதற்கு எடைமெஷின் வேண்டாம், 600 மீட்டரை நடையும் ஓட்டமுமாக எவ்வளவு நேரத்தில் முடிக்கிறான் என்று நோட்டில் எழுதுங்கள். பள்ளிகளில் கேலோ இந்தியா உடல்திறன் சோதனையிலும் அந்த 600 மீட்டர் உண்டு. போன தடவை ஆன நேரம் மட்டும்தான் அவனுக்குப் போட்டி, வேறு எந்தப் பிள்ளையும் இல்லை.

வில்லாபுரம் அம்மா

அவன் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், அதில் ஒன்றை எப்போதும் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார் மாஸ்டர். அவன் அப்பா திங்கட்கிழமை போய்ப் பேசுகிறேன் என்கிறார். காலையில் தெப்பக்குளத்துக்கும் அவரே கூட்டிப்போகிறாராம், அவருக்கும் சர்க்கரை எல்லையில்தான் இருக்கிறது. கபடிக்கு எப்போது அனுப்பலாம்?

செல்லூர் கபடி மாஸ்டர்

முழங்கால் வலி இல்லாமல் படி இறங்குகிறான் என்றால் அனுப்புங்கள். முதல் நாள் அப்பாவும் வரட்டும், சும்மா உட்கார்ந்து பார்க்க விடமாட்டேன், எதிர் அணியில் நிறுத்துவேன். கணக்கு டீச்சரிடம் தனியாகப் பேசுவதைவிட நாலைந்து பெற்றோராகச் சேர்ந்து தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். ஆரப்பாளையம் அப்பா, கேன்டீன் விஷயத்துக்கும் அதே வழிதான். 50 மீட்டர் விதியையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆரப்பாளையம் அப்பா

எழுதிக்கொண்டிருக்கிறேன் மாஸ்டர். வரைவை நாளைக்கு இங்கேயே போடுகிறேன், டாக்டர் ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நல்லது.